வெளியேறும் வழியையும் சேர்த்து விற்பனை செய்யுங்கள்: மென்பொருளும் கருவிகளும் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள்களையும் மின்னணுக் கருவிகளையும் உருவாக்கி விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

புதிதாக ஒன்று வந்தால் அதைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாதவர்களில் நானும் ஒருவன். குறிப்பெழுதும் செயலி, கைக்கடிகாரம், குரலுக்குக் கட்டுப்படும் விளக்கு, தூக்கத்தை அளக்கும் பட்டை, கடவுச்சொற்களைக் காக்கும் மென்பொருள் என எதுவானாலும் அதை என் அன்றாட வேலைகளுக்குள் கொண்டுவந்து பழகிப் பார்ப்பதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. நேற்றுவரை அலுப்பூட்டிய ஒரு வேலையை இன்று ஒரு நல்ல கருவி சிரமமே தெரியாமல் முடித்துக் கொடுக்கும்போது, அதைச் செய்தவர்களுக்கு மனத்துக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன். அந்த நன்றி மாறாமலேயே இந்தக் குறையையும் எழுதுகிறேன்.

எங்களைப் போன்றவர்களை நீங்கள் நன்றாகவே அறிவீர்கள். முதல் பதிப்பின் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு, எந்தத் திரையில் எதை அழுத்தியபோது நின்றது என்று விவரமாக எழுதி அனுப்புகிறவர்கள் நாங்கள். உறவினரின் கைப்பேசியில் உங்கள் செயலியை நிறுவிக் கொடுப்பதும், எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைப்பதும், மறந்துபோன கடவுச்சொல்லை மீட்டுத் தருவதும் நாங்கள்தான். உங்கள் விளம்பரத்தை நம்பாத ஒருவர் எங்கள் பேச்சை நம்பி வாங்குகிறார். பிறகு ஒருநாள் அந்தச் சேவை நின்றுபோனால் அவர் உங்களிடம் வருவதில்லை. எங்கள் முன்னால் வந்து நிற்கிறார்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒரு பொருளை விற்பனைக்கு வைக்கும் அன்றே, அதை விட்டு வெளியேறும் வழியையும் எழுதி வையுங்கள். நாங்கள் சேர்த்த தரவை எந்த வடிவில் எடுத்துச் செல்லலாம், உங்கள் சர்வர் நின்றுபோனால் கருவியில் எதெல்லாம் தொடர்ந்து இயங்கும், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எந்த ஆண்டுவரை வரும் என்ற விவரங்கள் விலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், ஒரு மென்பொருளைப் பத்து நிமிடம் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. குறிப்பெழுதும் செயலியையே எடுத்துக்கொள்வோம். வெறும் பக்கமாக இருக்கும்வரை எல்லாச் செயலிகளும் அழகாகத்தான் இருக்கும். அதன் குணம் தெரிய வேண்டுமானால் அதற்குள் நம் வாழ்க்கை போக வேண்டும்: மருத்துவர் சொன்ன அறிவுரை, பிள்ளைகளின் தேர்வுத் தேதி, பாதியில் நிற்கும் கட்டுரை, நள்ளிரவில் தோன்றிய யோசனை. தேடினால் கிடைக்கிறதா, இணையம் இல்லாத இடத்தில் திறக்கிறதா, கைப்பேசியில் திருத்தியதும் கணினியில் திருத்தியதும் ஒன்றோடொன்று மோதினால் எது மிஞ்சுகிறது என்பதெல்லாம் குறிப்புகள் குவிந்த பிறகே தெரியவரும். 'இது எனக்கு ஒத்துவராது' என்று நான் உணரும் வேளையில், என்னுடையவை எல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். முதலில் ஒப்படைத்தால்தான் பிறகு முடிவெடுக்கவே முடிகிறது என்பது இந்தப் பொருள்களின் இயல்பு. அப்படியிருக்க, திரும்ப எடுத்துக்கொள்ளும் வழியை மறைத்து வைப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

அதனால் எந்தச் செயலியை நிறுவினாலும் நான் முதலில் தரவை வெளியே எடுக்கும் ஏற்றுமதி வசதி எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன். சில வரிகள், ஒரு பட்டியல், ஒரு படம், ஒரு இணைப்பு ஆகியவற்றைப் போட்டு உடனே ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து பார்ப்பேன். தலைப்புகள் தலைப்புகளாகவே வருகின்றனவா, படம் தன் இடத்தில் நிற்கிறதா, எழுதிய தேதி அழியாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே உண்மையான குறிப்புகளை எழுதத் தொடங்குவேன். பணம் கட்டி வாங்கிய ஒரு செயலியில், ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தியதும் எல்லாக் குறிப்புகளும் ஒரே கோப்பாகக் கொட்டின. ஒரு குறிப்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் அந்த நிறுவனத்தின் சர்வரைச் சுட்டும் முகவரிகள் மட்டும் இருந்தன. கணக்கை மூடினால் அந்த முகவரிகளும் பயனற்றுப் போகும். இப்படிக் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் ஒன்றே.

கருவியாக இருந்தால் வீட்டின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பார்ப்பேன். ஒரே அறையில் இருக்கும் கைப்பேசிக்கும் விளக்குக்கும் நடுவே, கட்டளை எங்கோ தொலைதூரத்தில் உள்ள சர்வருக்குப் போய்த் திரும்பும் ஏற்பாடு பல பொருள்களில் இருக்கிறது. இது தொழில்நுட்பத்தின் கட்டாயம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஸிக்பீ போன்ற குறுந்தொலைவு ரேடியோ முறைகள் பல ஆண்டுகளாகவே வீட்டுக்குள் இயங்கி வருகின்றன. 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொதுத் தரமும், கருவிகளை வீட்டு வலைப்பின்னலுக்குள்ளேயே இயக்கும்படி வடிவமைக்கப்பட்டது. வழி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கும் விருப்பம்தான் உங்களிடம் வர வேண்டும்.

இனி நடந்தவற்றைச் சொல்கிறேன். விளக்கு, பூட்டு, உணரி என்று பல நிறுவனங்களின் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்குவதற்காக ரெவால்வ் என்ற மையக் கருவி வந்தது. அதை வாங்கியவர்களுக்கு ஆயுட்காலச் சேவை உண்டு என்று உறுதி சொல்லப்பட்டது. 2014இல் நெஸ்ட் நிறுவனம் ரெவால்வை வாங்கியது. 2016 மே 15ஆம் நாள் அதன் சர்வர் நிறுத்தப்பட்டது. கருவிக்குள்ளிருந்த ரேடியோக்களில் எந்தப் பழுதும் இல்லை, மின்சாரமும் இருந்தது. ஆனாலும் அன்று முதல் அது எதையும் இயக்கவில்லை. ஆயுட்காலம் என்று சொன்னது யாருடைய ஆயுளை என்று வாங்கியவர்கள் கேட்டதில் தவறே இல்லை.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றும் உண்டு. இணையத்தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2005இல் தொடங்கியது, 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. அறிவிப்பு மார்ச் மாதமே வந்துவிட்டது. மூடியதில் பலருக்குக் கடுமையான வருத்தம், எனக்கும்தான். ஆனால் நாம் பின்தொடர்ந்த தளங்களின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற எளிய பொது வடிவில் தரவிறக்கிக்கொள்ள முடிந்தது. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் தம் பாத்திரங்களை எடுத்துச் செல்வதுபோல, பலரும் அந்தப் பட்டியலோடு வேறொரு வாசிப்புச் செயலிக்குப் போய் மறுநாளே படிக்கத் தொடங்கினார்கள். சேவையை மூடும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அதை எப்படி மூடுவது என்பதற்கு இந்த இரண்டும் இரண்டு பாடங்கள்.

மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019இல் மூடியது. அந்த ஆண்டு ஜூலையில், வாடிக்கையாளர்கள் வாங்கி வைத்திருந்த நூல்கள் திறக்காமல் போயின. கட்டிய பணம் முழுவதும் திருப்பித் தரப்பட்டது. ஓரங்களில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கொடுக்கப்பட்டது. பணத்தைத் திருப்பித் தந்தது நேர்மையான செயல், அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஒரு நூலைப் படித்தபடி அதன் ஓரத்தில் எழுதிய யோசனைகளுக்கு யார் விலை போட முடியும்? அந்தக் குறிப்புகளை மட்டுமாவது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகக் கொடுத்திருந்தால், படித்தவர்களின் உழைப்பு அவர்களிடமே தங்கியிருக்கும்.

கால அவகாசமும் முக்கியம். சட்டையில் பொருத்திக்கொள்ளும் 'ஹியூமேன் ஏஐ பின்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி 2024 ஏப்ரலில் வாடிக்கையாளர்களின் கைக்கு வந்தது. 2025 பிப்ரவரி 18 அன்று அதைச் செய்த ஹியூமேன் நிறுவனத்தின் சொத்துகளை எச்பி வாங்குவதாக அறிவிப்பு வந்தது, அதே மாதம் 28ஆம் நாள் சேவை நின்றது. அறிவிப்புக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே பத்தே நாள். அதற்குள் தங்கள் படங்களையும் குறிப்புகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அழிந்துவிடும். அந்தப் பத்து நாளும் ஒருவர் மருத்துவமனையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? முதல் ஆண்டிலேயே நம்பி வாங்கிய ஒருவருக்கு இவ்வளவுதானா கைம்மாறு?

உடலுக்குள் போகும் கருவிகளில் இது இன்னும் கொடுமையானது. விழித்திரை நோயால் பார்வையிழந்தவர்களுக்கு ஒளியையும் உருவங்களின் வெளிக்கோட்டையும் ஓரளவு உணரச் செய்யும் ஆர்கஸ் 2 என்ற பொருத்தியை செகண்ட் சைட் என்ற நிறுவனம் உருவாக்கியது. உலகெங்கும் 350க்கும் மேற்பட்டோர் அறுவை சிகிச்சை செய்து அதைப் பொருத்திக்கொண்டார்கள். பின்னர் நிறுவனம் நிதி நெருக்கடிக்கு ஆளானது, அந்தப் பொருத்திக்கான ஆதரவும் கைவிடப்பட்டது. பழுது பார்க்கவும் உதிரிபாகம் கேட்கவும் போக்கிடம் இல்லாமல், கண்ணுக்குள் இருக்கும் கருவியோடு அவர்கள் நின்றார்கள். புதியதை முயன்று பார்ப்பதில் இவர்களைவிடத் துணிந்தவர்கள் யார்? ஒரு நிறுவனம் நொடித்துப்போவதைச் சில வேளை தடுக்க முடியாது. ஆனால் நொடித்துப்போனால் இந்த மனிதர்களுக்கு யார் பொறுப்பு, வடிவமைப்பு ஆவணங்கள் யாரிடம் போகும் என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே எழுதி வைத்திருக்க முடியும்.

நீங்கள் சொல்லப்போகும் பதிலும் எனக்குத் தெரியும். சர்வரை இயக்கப் பணம் வேண்டும், பத்துப் பேர் பயன்படுத்தும் சேவையை என்றென்றும் நடத்த முடியாது என்பீர்கள். உண்மைதான். என்றென்றும் நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் விலகும்போது, தொடர விரும்புகிறவர்களின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறேன். பெப்பிள் கைக்கடிகாரத்தை நினைத்துப் பாருங்கள். 2012இல் மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு கோடி டாலருக்கும் மேல் திரட்டிய பொருள் அது. 2016 டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டு அதன் சொத்துகள் ஃபிட்பிட்டுக்குப் போயின. அதன் பயனர்கள் ரெபிள் என்ற பெயரில் ஒன்றுகூடித் தாங்களே மாற்றுச் சேவையை அமைத்து அந்தக் கடிகாரங்களை உயிரோடு வைத்தார்கள். 2025 ஜனவரியில், அப்போதைய உரிமையாளரான கூகுள், பெப்பிள் இயங்குதளத்தின் மூல நிரலை வெளியிட்டது. எட்டாண்டு தாமதமாக வந்தாலும் அது நல்ல செயல். முதல் நாளிலேயே செய்திருந்தால் எத்தனை கடிகாரங்கள் இழுப்பறைக்குப் போகாமல் இருந்திருக்கும்!

தாமதமின்றி நடந்ததற்கும் சான்று உண்டு. ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற இசைக் கருவிகளின் சர்வர் மென்பொருள் தொடக்கம் முதலே திறமூலமாக, அதாவது யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடியதாக இருந்தது. லாஜிடெக் 2012இல் அந்த வரிசையைக் கைவிட்ட பிறகும், ஆர்வலர்கள் அந்த மென்பொருளைத் தொடர்ந்து வளர்த்து வருகிறார்கள். அந்தக் கருவிகளை வீட்டுக் கணினியோடு இணைத்து இன்றும் பாட்டுக் கேட்கிறார்கள். அதற்காக லாஜிடெக் மாதாமாதம் செலவு செய்ய வேண்டியதில்லை. பூட்டிய நிரலைத் திறந்து கொடுத்தாலே போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லும் திறமைசாலிகள் எல்லாப் பொருளுக்கும் கிடைக்கிறார்கள்.

வெளியேறுவது என்று நான் சொல்வதில் பழைய பதிப்புக்குத் திரும்புவதும் அடங்கும். 2024 மே மாதம் சோனோஸ் தன் ஒலிபெருக்கிகளுக்கான செயலியை முழுவதும் மாற்றி வெளியிட்டது. தூங்கும் நேரத்துக்கான டைமர் உள்படப் பழகிய வசதிகள் பல அதில் இல்லை. வாங்கியபோது இருந்தது, ஒரு புதுப்பிப்புக்குப் பின் காணாமல் போயிற்று. பழைய செயலியை மறுபடி வெளியிடலாமா என்று நிறுவனமே யோசித்துப் பார்த்து, அது சிக்கலைக் கூட்டிவிடும் என்று கைவிட்டது. சர்வரிலும் ஒலிபெருக்கியிலும் உள்ள மென்பொருளும் அதற்குள் மாறிவிட்டிருந்தது. 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். பார்வையற்றவர்களும் முதியவர்களும் ஒரு திரையின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொண்டு பழகுகிறார்கள். ஒரே இரவில் அதை மாற்றுவது அவர்கள் கற்ற எல்லாவற்றையும் பறிப்பதாகும். பெரிய மாற்றம் செய்யும்போது சில மாதங்களுக்காவது பழையதையும் இயங்க விடுங்கள்.

இலவசச் சோதனைக்காலம் பற்றியும் ஒரு சொல். சோதிக்க வருகிறவரிடம் முதல் திரையிலேயே கடனட்டை எண்ணைக் கேட்பதும், சேர ஒரு பொத்தானும் விலக ஏழு திரைகளும் வைப்பதும் உங்கள் பொருளின் மீது உங்களுக்கே நம்பிக்கை இல்லை என்று காட்டுகின்றன. சோதனை முடியும் நாளுக்கு முன்பு நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனங்களுக்கு நான் மனமுவந்து சந்தா கட்டியிருக்கிறேன்.

அனுமதிகள் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. டார்ச் செயலிக்கு என் தொடர்புப் பட்டியல் எதற்கு? ஆண்ட்ராய்டு 6, 2015இல் வந்தபோதே ஒவ்வொரு அனுமதியையும் தேவைப்படும் தருணத்தில் தனித்தனியே கேட்கும் முறை வந்துவிட்டது. மறுத்தால் மற்ற வசதிகளாவது இயங்க வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

புதுப்பிப்பு எத்தனை ஆண்டு என்பதற்கு வருகிறேன். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட இணையக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றி, பெரிய இணையத்தளங்களையே முடக்கியது. வீட்டு மூலையில் மறந்துபோன ஒரு கேமரா, முன்பின் தெரியாத ஒருவரின் தொழிலை முடக்க முடியும் என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதைத் தடை செய்கிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பு குறைந்தது எதுவரை கிடைக்கும் என்பதை வெளிப்படையாகச் சொல்லவும் கட்டாயப்படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், திறன்பேசிகளுக்கு விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்பு தர வேண்டும். 800 முறை சார்ஜ் செய்த பிறகும் பேட்டரியில் 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சியிருக்க வேண்டும். இவை வானத்து நிலவைக் கேட்பதாக இருந்தால் சட்டமாகியிருக்காது. கூகுள் 2023இல் பிக்சல் 8 வரிசைக்கும், சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் 7 ஆண்டுகள் என்று எண்ணைச் சொல்லியே விற்றன. அந்த எண்ணைக் கண்டதும் வாங்கும் முடிவை எடுத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

கைப்பேசிக்குச் செய்ய முடிந்ததை விளக்குக்கும் கதவுப் பூட்டுக்கும் குழந்தையைக் கண்காணிக்கும் கேமராவுக்கும் ஏன் செய்யக் கூடாது? கைப்பேசியை நாங்கள் சில ஆண்டுகளில் மாற்றிவிடுகிறோம், பூட்டை அப்படி மாற்றுவதில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்காமல், எந்த நாட்டில் விற்றாலும் அந்தத் தேதியை எழுதுங்கள். நாட்டுக்கு நாடு பயனரின் பாதுகாப்பு மாறுபட வேண்டிய தேவை இல்லை.

உங்கள் நிறுவனங்களில் வேலை செய்யும் பொறியாளர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் தனியாக ஒன்று. உங்களில் பலர் எங்களைப் போலவே புதியவற்றைத் தேடித் தேடி முயல்கிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். ஏற்றுமதி வசதியைக் கடைசி வாரத்து வேலையாக ஒதுக்காமல் முதல் பதிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். உங்கள் சொந்தக் குறிப்புகளை அதன் வழியே வெளியே எடுத்து, போட்டி நிறுவனத்தின் மென்பொருளில் திறந்து பாருங்கள். சரியாகத் திறக்கும்வரை அந்த வேலை முடியவில்லை என்று உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள். கருவி செய்கிறவர்கள் சோதனைக்கூடத்தில் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒரு வாரம் அதைப் பயன்படுத்திப் பாருங்கள்.

எந்தச் செயலியை எடுக்கலாம், எந்தக் கருவியை வாங்கலாம் என்று என்னிடம் கேட்க வருகிறவர்களுக்கு இனி வசதிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த மூன்று விவரங்களைச் சொல்லப் போகிறேன்: தரவை எடுத்துச் செல்லும் வழி, சர்வர் இல்லாமல் இயங்குபவை, புதுப்பிப்பு முடியும் ஆண்டு. உங்கள் பொருளின் பக்கத்தில் அவை எழுதப்பட்டிருந்தால் அப்படியே படித்துக் காட்டுவேன். எழுதப்படவில்லை என்றால் அதையும் சொல்வேன். அடுத்து வெளியிடப்போகும் பொருளிலிருந்தே நீங்கள் இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் பொருள்களை விரும்பி முயன்று பார்க்கும் ஒரு பயனர்